நோட்டு யார் வீட்டில் இருக்கிறது?

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர், சேரன்மகாதேவி வட்டாரத்தில் மகளிர் குழுக்களுக்கும் உழவர் குழுக்களுக்கும் கணக்கு எழுதியும் எழுதச் சொல்லிக்கொடுத்தும் வருபவர்.)

எங்கள் குழுவில் பதினான்கு பேர். ஒழுங்காகச் சேமிப்பு கட்டுகிறோம், வங்கிக் கடனும் பாக்கியில்லாமல் போகிறது. ஆனால் மொத்தம் எவ்வளவு இருக்கிறது, யார் எவ்வளவு தரவேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. கணக்கு நோட்டெல்லாம் தலைவி வீட்டில் இருக்கிறது. கேட்டால் "என் மேல நம்பிக்கை இல்லையா" என்கிறார். எனக்கு அவர் மதினி முறை. உறவும் கெடாமல் கணக்கும் தெரிய என்ன வழி அக்கா?
— வாசகி, மானூர் பக்கம்

அவர் வீட்டுத் திண்ணையில் போய் நின்று கேட்காதீர்கள் தங்கச்சி. கூட்டத்தில் கேளுங்கள். தனியாகப் போய் "கணக்கைக் காட்டுங்க மதினி" என்றால் அவர் காதில் அது சந்தேகமாகத்தான் விழும். பதினான்கு பேரும் உட்கார்ந்திருக்கும்போது "இந்த மாசத்துல இருந்து கூட்டம் முடியறதுக்கு முன்னால கணக்கை வாசிச்சிருவோம்" என்று சொன்னால் அது குழு நடைமுறை. அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் அது உங்கள் ஆசை இல்லை, குழுவின் முடிவு.

குழு நடத்த ஐந்து நெறிகள் சொல்வார்கள், பஞ்சசூத்திரம் என்று: தவறாமல் கூடுவது, தவறாமல் சேமிப்பது, உள்கடன் கொடுப்பது (சேர்ந்த பணத்தில் குழுவுக்குள்ளேயே கொடுக்கிற கடன்), தவணை கட்டுவது, கணக்கைச் சரியாக எழுதுவது. வங்கிக் கடனுக்குத் தரம் பார்க்கும்போதும் இவற்றைத்தான் பார்க்கிறார்கள். முதல் நான்கையும் நீங்கள் செய்துகொண்டிருக்கிறீர்கள். ஐந்தாவதை ஒரே ஒருத்தரிடம் விட்டுவிட்டீர்கள். நான் பார்த்தவரையில் குழுக்கள் உடைந்தது பெரும்பாலும் கடன் கட்ட முடியாமல் அல்ல. கணக்கு தெரியாமல்தான். பணம் நிஜமாகவே காணாமல் போக வேண்டும் என்றுகூட இல்லை. போயிருக்குமோ என்ற எண்ணம் ஒன்று போதும், அடுத்த மாசம் இரண்டு பேர் வரமாட்டார்கள்.

எப்படி வாசிப்பது என்று சொல்கிறேன். கோவில் மண்டபத்திலோ வேப்பமரத்தடியிலோ பாயை விரித்து நோட்டை நடுவில் வையுங்கள். முதலில் போன கூட்டத்தின் கையிருப்பு. அடுத்து இன்று வந்த சேமிப்பு, கடனில் வந்த அசல், வட்டி, மூன்றும் தனித்தனியாக. அடுத்து இன்று கொடுத்த கடன், செலவு. கடைசியில் கையில் எவ்வளவு, வங்கியில் எவ்வளவு. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று சத்தமாக வாசிக்கட்டும். ஒவ்வொருவரும் தன் பெயருக்கு நேரே உள்ள தொகையைக் காதால் கேட்டு "சரி" என்று சொன்ன பிறகுதான் அடுத்த பெயருக்குப் போக வேண்டும். எழுத்துத் தெரியாத ஆச்சிகளை நினைத்துக் கவலைப்படாதீர்கள். கணக்கில் அவர்கள் கெட்டி. "போன தடவை நான் கட்டுனது முந்நூறு, நீ இருநூறுங்கற" என்று முதலில் பிடிப்பது அவர்களாகத்தான் இருக்கும்.

வங்கிக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு இரண்டு பேர் போய் பாஸ்புக்கில் பதிவு போட்டுக்கொண்டு வாருங்கள். இன்னொன்றும் தெரிந்துவைத்திருங்கள். 10 லட்சம் ரூபாய் வரையிலான குழுக் கடனுக்கு வங்கி அடமானம் கேட்கக் கூடாது. குழுவின் சேமிப்புக் கணக்கைக் கடனுக்காக முடக்கி வைக்கவும் கூடாது. இது ரிசர்வ் வங்கி விதி. "சேமிப்பை இப்ப எடுக்க முடியாது, பேங்குல பிடிச்சு வச்சிருக்காங்க" என்று யாராவது சொன்னால், இரண்டு மூன்று பேராகப் போய்க் கிளை மேலாளரிடமே கேளுங்கள்.

உங்கள் மதினி பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்றியக் கூட்டத்துக்கும் வங்கிக்கும் அலைகிறவர் அவர். பல ஊர்களில் தலைவி பஸ் காசைக்கூடக் கைப்பணத்தில்தான் போடுகிறார். அந்தச் செலவைக் குழுக் கணக்கில் எழுதிக் கொடுங்கள், பொறுப்பையும் சுற்றுக்கு விடுங்கள். பாரம் குறைந்தால் அவர் சந்தோஷப்படக்கூடும்.

பத்தமடையில் பாய் நெய்கிறேன். கோரைக்கும் நூலுக்கும் வியாபாரி முன்பணம் தருகிறார், பாயை அவருக்கே கொடுக்க வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். பாய்க்குப் பெரிய பெயர் இருக்கிறது, எங்களுக்குக் கூலி மாதிரிதான் நிற்கிறது. இதிலிருந்து வெளியே வர முடியுமா?
— நெசவாளர் ஒருவர், பத்தமடை

முடியும். ஆனால் நாளைக்கே வியாபாரியிடம் சண்டை போட்டுவிட்டு வெளியே வராதீர்கள். முதலில் செய்ய வேண்டியது உங்கள் பாயின் அடக்கவிலையை நீங்களே கண்டுபிடிப்பது. இதை யாரும் செய்வதில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

பாயில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆற்றோரத்துக் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைக்கிறார்கள். பட்டுப்பாய்க்கு அதை இன்னும் மெல்லிசாகக் கீற வேண்டும். கீறிய கோரையைக் கையில் எடுத்துப் பார்த்தால் நூலா புல்லா என்று சந்தேகம் வரும். அப்புறம் சாயம். அப்புறம் தறியில் உட்கார்ந்து ஒவ்வொரு கோரையாகக் கோத்து அச்சை அடிக்க வேண்டும். ஊடு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நாள் பிடிக்கும். நல்ல பட்டுப்பாய் வாரக்கணக்கில் தறியிலேயே கிடக்கும். எலிசபெத் ராணி முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போனதை ஊரில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள்.

சரி, அடக்கவிலைக்கு வருவோம். ஒரு நோட்டில் ஒரே ஒரு பாய்க்கு மட்டும் எழுதுங்கள். கோரை எவ்வளவு, நூல் எவ்வளவு, சாயம் எவ்வளவு. கீறுவதற்கு எத்தனை மணி நேரம், நெய்வதற்கு எத்தனை மணி நேரம். வீட்டில் மகளோ மாமியாரோ உட்கார்ந்து கோரை எடுத்துக் கொடுத்தால் அவர்கள் நேரமும் வரவேண்டும். உங்கள் ஊரில் நாற்று நடப் போனால் என்ன கூலியோ அதைப் போட்டுப் பெருக்குங்கள். வியாபாரி தருகிற விலை இந்தத் தொகைக்குக் கீழே இருந்தால், நீங்கள் அவருக்கு மாசாமாசம் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

அடுத்தது முன்பணம். அதைக் குழுவின் உள்கடன் வாங்கி அடையுங்கள். குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும், அந்த வட்டி குழுவுக்குள்தான் சுற்றும். முன்பணத்துக்கு நீங்கள் கொடுக்கிற வட்டியோ பாயின் விலைக்குள் ஒளிந்திருக்கிறது, கண்ணுக்கே தெரிவதில்லை. நெய்கிற ஏழெட்டுப் பேர் சேர்ந்து கோரை மலிவாகக் கிடைக்கிற காலத்தில் மொத்தமாக வாங்கிவையுங்கள். வெளியே வர ஆதாரமான படி இதுதான். கச்சாப்பொருள் யார் கையில் இருக்கிறதோ விலையும் அவர் கையில்தான் இருக்கும்.

விற்பனையை ஒரேயடியாக மாற்ற வேண்டாம். பத்துப் பாயில் இரண்டை நீங்களே விற்றுப் பாருங்கள். மணமக்கள் பெயர் போட்ட கல்யாணப் பாய்க்கு நேராக வீட்டுக்காரர்களிடமே ஆர்டர் வாங்கலாம், அதில்தான் கூலி கட்டுப்படியாகிறது. ஆர்டர் எடுக்கும்போதே பாதிப் பணம் முன்கூட்டி வாங்கிவிடுங்கள். அந்த முன்பணம் உங்களைக் கட்டிப்போடாது. மகளிர் குழுப் பொருட்களுக்கான 'மதி' அங்காடிகளும் கண்காட்சிகளும் இருக்கின்றன, மகளிர் திட்ட அலுவலகத்தில் பெயர் கொடுத்துவையுங்கள். மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டை இல்லையென்றால் அதற்கும் விண்ணப்பியுங்கள்.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ப் பாய்க்கு மட்டுமே அந்தப் பெயர் என்ற சட்டப் பதிவு, கிடைத்துப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. ஆனால் குறியீடு ஊருக்குக் கிடைத்தால் போதாது. அந்தச் சட்டத்தின்படி நெசவாளர் தன் பெயரை 'அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்' என்று பதிந்துகொள்ளலாம். உங்கள் குழு மொத்தமும் பதிந்தால், எந்திரத்தில் நெய்த பாயைப் பத்தமடைப் பெயரில் விற்கிறவர்களைத் தட்டிக்கேட்க உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

வாராவாரம் வசூலுக்கு வருகிறவர்கள், பணம் இல்லையென்றால் ராத்திரி எட்டு மணி வரை வாசலில் உட்கார்ந்துகொள்கிறார்கள். அக்கம்பக்கத்தார் முன்னால் அவமானமாக இருக்கிறது. ஒன்றை அடைக்க இன்னொன்று என்று இப்போது மூன்று இடத்தில் கடன்.
— பெயர் வேண்டாம், ஆலங்குளம்

முதலில் ஒன்று. நீங்கள் செய்தது குற்றம் இல்லை. தலைகுனிய வேண்டாம்.

ரிசர்வ் வங்கியின் 2022-ம் ஆண்டு விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் கொடுப்பது நுண்கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டும் என்று தெரிந்தும் மூன்றாவதாகக் கொடுத்த நிறுவனம்தான் விதியை மீறியிருக்கிறது. வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் வரக் கூடாது. மிரட்டுவது, கெட்ட வார்த்தை பேசுவது, சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்வது எதுவும் கூடாது. கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025-ல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது.

அடுத்த முறை ஆறு மணிக்கு மேல் உட்கார்ந்தால் தேதி, நேரம், வந்தவர் பெயர் மூன்றையும் எழுதிவையுங்கள். முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். 14448 என்ற எண்ணில் தமிழிலேயே வழி கேட்கலாம். மிரட்டல் என்றால் காத்திருக்க வேண்டாம், நேரே காவல் நிலையம். தனியாகப் போகாதீர்கள். குழுவில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நாலாவது கடன் மட்டும் வாங்காதீர்கள் தாயி. குழுவிலும் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிலும் சமுதாய முதலீட்டு நிதி என்று குழுப் பெண்களுக்குக் கடன் கொடுக்கவே ஒரு பணம் இருக்கிறது. அதில் கேட்டு, வட்டி அதிகமான கடன் எதுவோ அதை முதலில் முடியுங்கள்.

வீட்டுக்காரர் பனையேறுகிறார், நான் காய்ச்சுகிறேன். சீசனில் எல்லார் வீட்டிலும் கருப்பட்டி குவிவதால் விலை விழுந்துவிடுகிறது. சீனி கலந்தவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே விலை. நாங்கள் ஆறு குடும்பம் சேர்ந்து ஏதாவது செய்யலாமா?
— திசையன்விளையிலிருந்து

ஆறு குடும்பம் தாராளமாகப் போதும்.

பனையேறுவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான், உயிரைப் பணயம் வைக்கிற வேலை அது. ஆனால் கலயம் கீழே வந்த பிறகு நடக்கிற வேலையை யாரும் எழுதுவதில்லை. சுண்ணாம்பு தெளிந்த பதநீரை வடிகட்டித் தாச்சியில் ஊற்றி, சித்திரை வெயிலில் விறகடுப்பு முன்னால் மணிக்கணக்கில் நிற்பது பெண்தான். பத்து லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோவும் கொஞ்சமும் தேறும். பொங்கும்போது தணித்து, கூப்பதநீர் (பாதி காய்ந்து கெட்டியாகத் தொடங்கிய பதநீர்) பதம் தாண்டி, கிண்டிக் கிண்டிப் பாகு இறுகும் நேரத்தில் இறக்கிச் சிரட்டையில் ஊற்ற வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினால் கருகிவிடும், முந்தினால் இளகிவிடும். இந்த வேலைக்கு விலையில் ஒரு பைசா ஒதுக்கப்படுவதில்லை. பாய்க்காரருக்குச் சொன்ன கணக்கை நீங்களும் போடுங்கள். விறகையும் உங்கள் நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

சீசன் விலையிலிருந்து தப்ப ஒரே வழி, கொஞ்சத்தையாவது நிறுத்திவைத்து ஐப்பசி கார்த்திகையில் விற்பது. வீட்டில் அரிசி வாங்கக் காசு இருந்தால்தான் நிறுத்திவைக்க முடியும். ஆகவே குழுக் கடனை இதற்கு வாங்குங்கள். எந்திரம் வாங்க, கடை போட என்று கடன் கேட்டால் எல்லாருக்கும் புரிகிறது. சரக்கை வைத்திருக்கக் கடன் வாங்குவதும் தொழில்தான் என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உற்பத்தியில் கால் பங்கை மட்டும் நிறுத்துங்கள். மழைக்காலத்தில் கருப்பட்டி இளகும், ஈரம் படாத பரணில் ஓலைப்பெட்டியில் வைக்க வேண்டும் என்பது உங்கள் மாமியாருக்கே தெரியும்.

சீனி கலப்புக்குப் பதில், உங்கள் ஆறு வீட்டுக் கருப்பட்டி ஒரே பெயரில், தயாரித்த மாதத்தோடு வெளியே போக வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு உற்பத்தியாளர் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். அந்தப் பதினான்கு இலக்க எண் பொட்டலத்தில் இருந்தால் கடைக்காரர் மறுக்க முடியாது. ஆனால் ஆறு பேரில் ஒருத்தர் சீனி கலந்தாலும் ஆறு பேர் பெயரும் போகும். அதை முதல் கூட்டத்திலேயே பேசித் தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.

தொண்டு நிறுவனம் ஒன்றில் புதிதாகக் களப்பணியாளராகச் சேர்ந்திருக்கிறேன். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் பெண்களுக்குத் தொழிற்பயிற்சி ஏற்பாடு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்க வேண்டும்?
— இளைஞர், பாளையங்கோட்டை

யார் வாங்குவார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள் தம்பி. எந்த ஊருக்குப் போனாலும் தையல் பயிற்சி நடந்திருக்கிறது. முப்பது பேருக்குச் சான்றிதழ் கொடுத்திருப்பார்கள், படம் எடுத்திருப்பார்கள். இரண்டாயிரம் பேர் உள்ள ஊருக்கு முப்பது தையல்காரர் எதற்கு என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் கேளுங்கள். காருகுறிச்சியில் மண்பானை, கல்லிடைக்குறிச்சியில் அப்பளம், வீரவநல்லூரில் தறி என்று உங்கள் வட்டாரத்தில் ஊருக்கு ஒரு கைத்தொழில் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக ஒன்றைக் கொண்டுவருவதற்கு முன்னால், அதில் பெண்களுக்கு எங்கே காசு கைநழுவுகிறது என்று போய்ப் பாருங்கள். பயிற்சிதான் வேண்டும் என்றால் மாவட்ட ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் சாப்பாட்டோடு இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் நிறுவனம் அந்தப் பணத்தை வேறு நல்லதற்குச் செலவழிக்கலாம்.

கூட்டத்தைப் பகல் பதினொரு மணிக்கு வைக்காதீர்கள். அப்போது நடவில் இருப்பார்கள், இல்லையென்றால் நூறுநாள் வேலையில். சாயங்காலம் ஏழரைக்கு மேல் போங்கள், அதற்குத் தகுந்த மாதிரி நீங்கள் ஊர் திரும்பப் பஸ் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாநிலத்தில் மகளிர் குழுக்கள் 1989-ல் தர்மபுரியில் தொடங்கி, 1997-98-ல் மகளிர் திட்டமாக எல்லா மாவட்டத்துக்கும் பரவத் தொடங்கியபோது, ஊர் ஊராகப் போய்க் குழு கூட்டியது தொண்டு நிறுவனப் பணியாளர்கள்தான். அவர்களில் நல்லவர்கள் செய்த ஒரு காரியத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கணக்கை அவர்களே எழுதினால் அரைமணியில் முடிந்துவிடும். எழுத மாட்டார்கள். ஊர்ப் பிள்ளை ஒன்றிடம் பேனாவைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், பிழை வந்தால் மட்டும் விரலை வைத்துக் காட்டுவார்கள். கூட்டம் ராத்திரி பத்து மணிக்கு முடியும். அந்த ஊர்களில் நிறுவனம் போன பிறகும் குழு இருக்கிறது. பணியாளரே எழுதிக்கொடுத்த ஊர்களில், திட்டம் முடிந்த மாசத்தோடு நோட்டும் முடிந்தது.

ஏத்தன் வாழை ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறேன். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பங்குத்தொகை கட்டிச் சேரச் சொல்கிறார்கள். சேர்ந்தால் என்ன கிடைக்கும்? முன்னால் ஒரு சங்கத்தில் கட்டிய பணம் வரவே இல்லை.
— விவசாயி, களக்காடு

பயப்படுவது நியாயம். கட்டுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள் அண்ணாச்சி.

இது சங்கமும் கம்பெனியும் கலந்த ஒன்று. கம்பெனிச் சட்டத்தில் பதிவாகும், ஆனால் விவசாயிகள் மட்டுமே பங்குதாரராக முடியும். ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒரே ஓட்டுதான். பணக்காரர் பத்துப் பங்கு வாங்கி நிறுவனத்தைத் தன் பக்கம் இழுக்க முடியாது. குறைந்தது ஐந்து இயக்குநர்கள் வேண்டும். 2020-ல் மத்திய அரசு தொடங்கிய 10,000 நிறுவனங்கள் திட்டத்தில் சேர்ந்ததாக இருந்தால், சமவெளியில் 300 உறுப்பினர் வேண்டும். நிர்வாகச் செலவுக்கு மூன்று வருஷத்தில் 18 லட்சம் வரை உதவி. உறுப்பினர் போட்ட பங்குத்தொகைக்கு இணையாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை மானியம், மொத்தம் 15 லட்சத்துக்கு மிகாமல்.

இந்த மூன்று வருஷம் என்பதைக் கவனியுங்கள். அதுவரை மேலாளர் சம்பளம் வெளியிலிருந்து வருகிறது. நாலாவது வருஷம் நிறுவனம் தன் வியாபாரத்தில் சம்பளம் கொடுக்க வேண்டும். அங்கேதான் பல நிறுவனங்கள் படுத்துவிடுகின்றன. ஆகவே உங்களைச் சேரச் சொன்னவரிடம் கேளுங்கள்: போன வருஷம் எவ்வளவுக்கு வியாபாரம் நடந்தது? அதில் உரம் மருந்து விற்றது எவ்வளவு, விவசாயியின் விளைச்சலை வாங்கி விற்றது எவ்வளவு? வெறும் உரக்கடையாக மட்டும் இருந்தால் உங்கள் வாழைத்தாருக்கு அதனால் பெரிய பலன் இல்லை. ஆண்டுப் பொதுக்குழு எப்போது கூடியது, இருப்புநிலைக் கணக்கு எங்கே என்றும் கேளுங்கள். பொதுக்குழுவுக்கு 14 நாள் முன்னால் அறிவிப்பு தர வேண்டும் என்பது சட்டம். தயங்காமல் எடுத்துக் காட்டினால் கட்டுங்கள்.

உங்களுக்கு உடனே கிடைக்கக்கூடியது எடைதான். ஓணத்துக்குக் கேரளாவுக்கு லோடு போகும்போது, தோட்டத்தில் எடை போடுகிறவர் யார், தண்டுக்கும் காய்வுக்கும் எத்தனை கிலோ கழிக்கிறார் என்பதில் உங்கள் லாபம் பாதி போகிறது. பத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு மின்னணுத் தராசு வாங்கி, நிறுவனத்தின் பெயரில் ஒரே லோடாக அனுப்பினாலே வித்தியாசம் தெரியும்.

அப்புறம் ஒன்று. வாழைக்குக் கன்று நடுவதிலிருந்து களையெடுப்பு வரை உங்கள் வீட்டு அம்மாவும் உழைக்கிறார். பங்கை அவர் பெயரில் வாங்குங்கள், அல்லது இரண்டு பேரும் ஆளுக்கொன்று வாங்குங்கள். நான் போகிற பொதுக்குழுக்களில் நானூறு பெயர் உள்ள பட்டியலை வாசிக்கும்போது பெண் பெயர் எப்போதாவதுதான் வருகிறது. வயலில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் அவர்கள்.

வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம். அவர் பார்த்த நிலத்தில் நான்தான் கார், பிசானம் என்று இரண்டு போகமும் நெல் பயிர் செய்கிறேன். பட்டா மாமனார் பெயரில். அவரும் போன வருஷம் காலமாகிவிட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் பட்டா கேட்கிறார்கள். கொழுந்தனார் கையெழுத்துப் போட மறுக்கிறார்.
— வாசகி, முக்கூடல் பக்கம்

உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதை முதலில் மனதில் வையுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பனாருக்கு முன்னால் இறந்துபோன மகனின் மனைவியும் பிள்ளைகளும் முதல் வகுப்பு வாரிசுகள். மாமனார் உயில் எழுதாமல் போயிருந்தால், உங்கள் வீட்டுக்காரருக்கு வர வேண்டிய பங்கு உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வரும். வீட்டில் பெண்பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் சம பங்கு. தமிழ்நாடு 1989-லேயே மகள்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்துவிட்டது, நாடு முழுக்க 2005-ல்தான் வந்தது.

தாசில்தார் அலுவலகத்தில் மாமனாருக்கு வாரிசுச் சான்று வாங்குங்கள், உங்கள் பெயரும் பிள்ளைகள் பெயரும் அதில் விட்டுப்போகாமல் பாருங்கள். கொழுந்தனார் ஒத்துவராவிட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்றால் வருமானம் பார்க்காமல் வக்கீலை இலவசமாக அமர்த்தித் தருவார்கள். தொலைபேசி 15100. அங்கே இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசியே முடித்துவைப்பதும் உண்டு. குடும்பத்துக்குள் அதுதான் நல்லது.

பிசானத்துக்குத் தண்ணீர் திறந்தால் பட்டாவுக்காக நடவு காத்திருக்காது. அதுவரைக்கும் வழி, கூட்டுப் பொறுப்புக் குழு. நிலம் சொந்தப் பெயரில் இல்லாதவர்களும் குத்தகைக்காரர்களும் நாலு பேர் முதல் பத்துப் பேர் வரை சேர்ந்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று வங்கியில் கடன் வாங்கலாம். நீங்கள்தான் பயிர் செய்கிறீர்கள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கணக்கின் நகல்) கேளுங்கள். தர மறுத்தால் மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிவையுங்கள். உங்கள் ஊரில் உங்களைப் போல இன்னும் மூன்று பெண்கள் இல்லாமல் இருக்க மாட்டார்கள். போய்ப் பேசுங்கள்.

பீடி சுற்றி இடுப்பும் கழுத்தும் போய்விட்டது. அப்பளம், ஊறுகாய் போடலாம் என்று ஆசை. பீடித் தட்டை இன்றைக்கே கீழே வைத்துவிடலாமா?
— பாவூர்சத்திரத்திலிருந்து

வைக்க வேண்டாம். பைய வாருங்கள். தினம் சுற்றுவதில் பாதியைக் குறைத்துக்கொண்டு மீதி நேரத்தில் அப்பளத்தைத் தொடங்குங்கள். வாரக்கூலி நின்றுபோனால் பயத்திலேயே கிடைத்த விலைக்கு விற்றுவிடுவீர்கள். பி.எஃப். கணக்கு எண்ணும் பீடித் தொழிலாளர் அட்டையும் பத்திரம், அவசரப்பட்டுப் பணத்தை எடுத்துவிடாதீர்கள்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு பற்றி மேலே சொல்லிவிட்டேன். தொழில் பெருகினால், 2020-ல் தொடங்கிய பிரதமரின் உணவுப் பதப்படுத்தும் குறுநிறுவனத் திட்டத்தில் எந்திரச் செலவுக்கு 35 சதவீதம் மானியம் உண்டு, 10 லட்சம் வரை. குழுவாக இருந்தால் உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வீதம் தொடக்க மூலதனமும் உண்டு. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று வேளாண் வணிகத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு வங்கிக்குப் போங்கள். முதலில் மானியத்தை நம்பி எந்திரம் வாங்கிவிடாதீர்கள். கையால் தேய்த்த அப்பளம் உங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் இரண்டு மாசம் விற்கட்டும். யார் திரும்ப வந்து கேட்கிறார்கள், எத்தனை கட்டு கேட்கிறார்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். எந்திரத்தைப் பற்றி அப்போது பேசுவோம்.